ஆண்டுக்கு ஒரு படகு

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. பினாங்குக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. படகில் ஏறியது நாலைந்து தடவைக்கு மேல் இராது. ஆனால் ஜார்ஜ் டவுனிலிருந்து அக்கரையிலுள்ள பாகான் டாலாமுக்குப் போகும் எங்கள் கம்பெனியின் மூன்று நீராவிப் படகுகளும் எப்போது புறப்படும், எத்தனை பேரை ஏற்றும் என்று தீர்மானித்தவன் நான்தான், இன்ஸ்பெக்டர். பெயர் தம்பு. தலைமைக் கிராணி, அலுவலகத்து எழுத்தர்களுக்கெல்லாம் மேல். ஊர் யாழ்ப்பாணம்.

முதலாளிகள் ஷேக் அலாவுதீனும் சீனி முகம்மதுவும் நல்லவர்கள். அதுதான் அவர்களுடைய குறை. கீற்று மேகம் தெரிந்தால் ஒருவர் படகை நிறுத்தச் சொல்வார். கூட்டத்தைக் கண்டால் மற்றவர் எடுக்கச் சொல்வார். மறுநாள் இருவரும் மாற்றிச் சொல்வார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் ஆண்டுத் தொடக்கத்தில் இருவரையும் உட்காரவைத்து, எவ்வளவு ஆபத்துக்குத் துணியலாம் என்று ஒரு வரம்பு சொல்லுங்கள் என்றேன். அரை நாள் தாடியைத் தடவினார்கள்.

"வருசத்துக்கு ஒரு படகு போனா தாங்கிக்கலாம் கிராணி," என்றார் ஷேக். "ஒரு உசுரு போனா தாங்காதுலா."

முதல் வாக்கியத்தை மட்டும் தீர்மானப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டாவது வெறும் உணர்ச்சி. இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது, கையெழுத்துப் போட்டார்கள்.

பெருநாளுக்கு முதல்நாள் பிற்பகல். அக்கரையிலிருந்து சாமான் வாங்க வந்தவர்கள் வீடு திரும்ப நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். படகோட்டி இஸ்மாயில் என் மேசைக்கு முன்னால் வந்தான்.

"மலைக்குப் பின்னால கறுத்துக்கிட்டு வருது, கிராணியாரே. நாப்பது பேருக்குத்தான் படகு. தொண்ணூறு பேர் நிக்கிறாங்க, புள்ளைகுட்டியோட. ஒரு மணி நேரம் பொறுப்போம்லா."

அந்த ஆண்டு அதுவரை ஒரு படகும் மூழ்கிப் போகவில்லை. அனுமதித்த வரம்பு அப்படியே கிடந்தது. அதைப் பயன்படுத்தாமல், பயந்தவன் பேச்சைக் கேட்டுக் கூட்டத்தை வேறு கம்பெனிப் படகுக்கு விடுவது என்ன நிர்வாகம்?

"எல்லாரையும் ஏற்று. முதலாளி உத்தரவு," என்றேன்.

"ஷேக் முதலாளியா சொன்னாரு?"

"ஓம், அவர்தான்."

போய் எல்லாரையும் ஏற்றத் தொடங்கினான். அவன் பயத்தின் பெறுமதி அவ்வளவுதான்.

நடுக்கடலில் காற்று படகைப் புரட்டிப்போட்டது. அறுபத்தொரு பேர் இறந்தார்கள். இஸ்மாயிலின் உடல் மூன்றாம் நாள் கரை ஒதுங்கியது. மற்ற இரண்டு படகுகளும் அடுத்த வாரமே ஓடின. போனது ஒரு படகு, வரம்பு மீறப்படவில்லை. இதைச் சொன்னபோது சீனி முகம்மது வாய்விட்டு அழுதார். அவரிடம் நான் வேறெதையும் எதிர்பார்க்கவில்லை.

இஸ்மாயிலின் மனைவி ருக்கையா அலுவலகத்துக்கு வந்தாள். "அவுக மாட்டேன்னாங்களாமே. யாரு போகச் சொன்னது?" என்று கேட்டாள். ஷேக் என்றேன். நேராக அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாளாம்.

ஷேக் அப்படிச் சொல்லவில்லை. அன்று மத்தியானமே துண்டுச்சீட்டு அனுப்பியிருந்தார், காற்று அடங்கும்வரை படகை எடுக்க வேண்டாம் என்று. படித்தேன்; படித்த பிறகுதான் படகை அனுப்பினேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதுபோல் அதை நான் மறைக்கவில்லை, இன்ஸ்பெக்டர். தேதி போட்டு, உரிய கோப்பில்தான் வைத்திருக்கிறேன்.