ஆற்றுப் பக்கத்துக் கோடு

மண் கோர்ட்டுக்கு விடியற்காலையில் தண்ணீர் தெளிக்கிறவனுக்குச் சர்க்கரை வியாதி வராது என்பது என் நெடுநாள் அனுபவம். எனக்கு வந்தது, அது கேசரியால் வந்தது, அதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

விஜயராணி மேடம், விசாரணைக் குழுவின் சார்பில் நீங்கள் வந்து, நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். எத்தனை பக்கம் என்று சொல்லவில்லை. ஆகையால் முறையாகவே தொடங்குகிறேன்.

பெயர் பீமராவ். வயது எழுபத்திரண்டு. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்ததாகக் காகிதங்கள் சொல்லும். பெரும்பாலும் டென்னிஸ்தான் ஆடினேன். எழுபத்தெட்டில் நான் போட்ட ஒரு சர்வீஸ் வேலியைத் தாண்டி, போய்க்கொண்டிருந்த தஞ்சாவூர் பாசஞ்சரின் ஜன்னலுக்குள் புகுந்துவிட்டது. மறுநாள் பூதலூர் ஸ்டேஷன் மாஸ்டர் பந்தைத் தபாலில் அனுப்பி வைத்தார். வழியில் யாருக்கும் அடிபடவில்லை என்று ஒரு சீட்டும் எழுதியிருந்தார். எனக்குப் பொய் சொல்லும் வழக்கம் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரைப் பக்கம் இருக்கும் கிளப்பின் மண் கோர்ட்டில் பயிற்சி கொடுக்கிறேன். என் நோட்டுகளைப் புரட்டிவிட்டு, இவ்வளவு ஒழுங்கான பயிற்சித் திட்டத்தைப் பார்த்ததில்லை என்று நீங்களே சொன்னீர்கள். பன்னிரண்டு வாரம் ஒரு சுற்று. முதல் நாலு வாரம் கால்களுக்கு. அடுத்த ஐந்து வாரம் அடிகளுக்கு. பிறகு இரண்டு வாரம் புள்ளி வைத்து ஆட்டம். கடைசி வாரம் பாதி ஆட்டம், பாதி தூக்கம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கத்துக்குள் சைக்கிள்கூட நுழையாது என்பதால், ஓய்வு வாரம் சரியாக அங்கே வந்து விழும்படி புரட்டாசியிலேயே சுற்றைத் தொடங்கிவிடுவேன். வெளியூர்ப் பயிற்சியாளர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் வராது.

சுபலட்சுமி வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. அப்பா வெள்ளைச்சாமி மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். தினமும் காலையில் பாலத்தைத் தாண்டி மொபெட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றி நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார். கோர்ட்டைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று நான் கேட்டதில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கை என்றால் அப்படி ஒரு கை. சுத்தியலைப் பிடிப்பதுபோல ராக்கெட்டைப் பிடித்து சர்வீஸ் போடச் சொன்னால், மற்றவர்கள் ஆறு மாதம் திண்டாடுவார்கள். இவள் ஒன்பது நாளில் பிடித்துக்கொண்டாள். பந்தைத் தலைக்கு மேலே, கொஞ்சம் பின்னால் தூக்கிப் போட்டு, அடியிலிருந்து மேலே தேய்த்து அடிக்கும் கிக் சர்வீஸை எட்டு வாரத்தில் கற்றாள். விழுந்த பந்து எதிராளியின் தோளுக்கு எழும்பும். கிளப்பில் ஆடும் டாக்டர்கள் அதை வாங்கப் பயந்து, முதுகுவலி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

சர்வீஸ்தான் அவளுடைய ஆட்டம். அது சரியாக விழுந்தால் மாநில அணி. மாநில அணி என்றால் சென்னையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டு. பதினெட்டு வயது முடிவதற்குள் நடக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள்.

இதற்கு முன் எனக்கு இரண்டு பேர் வாய்த்திருந்தார்கள். ஜெபராஜ் மாநிலப் பட்டம் வாங்கிச் சென்னைக்குப் போனான். பேப்பரில் பேட்டி கொடுத்தான். சென்னையில் வந்துதான் டென்னிஸ் கற்றேன் என்று சொல்லியிருந்தான். நான் அந்தப் பேப்பரை வடை எண்ணெய் ஒற்றப் பயன்படுத்தினேன், வருத்தமெல்லாம் இல்லை. பிரவீன்ராஜ் அமெரிக்காவில் படிக்கப் போனான். பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கரும்புப் படம் அனுப்புவான். அதே படம் ரங்கநாதனுக்கும் வந்திருந்தது.

ரங்கநாதன் எங்கள் கிரவுண்ட்ஸ்மேன். நல்லவன். தவறை முதலில் செய்தது அவன்தான் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மண் கோர்ட்டில் கோடுகள் நிற்காது. தினமும் காலையில் சுண்ணாம்புப் பொடியால் போட வேண்டும். பின்னால் இருக்கும் பேஸ்லைனுக்கு மட்டும் செங்கல் பதித்திருக்கிறது. நடுவில் இருக்கும் சர்வீஸ் கோட்டை வலையிலிருந்து கயிறு பிடித்துத்தான் போடுவேன். இருபத்தோரு அடி. அந்த அளவில் கயிற்றில் ஒரு சிவப்பு முடிச்சு இருக்கும். சர்வீஸ் பந்து இந்தக் கோட்டுக்குள் விழ வேண்டும். இரண்டு முறை தாண்டினால் புள்ளி போய்விடும்.

ஒரு மழைக்காலத்தில் மண்ணை அழுத்தும் உருளையின் கைப்பிடி உடைந்துபோக, ரங்கநாதன் என் அளவுக் கயிற்றைக் கட்டி உருளையை இழுத்திருக்கிறான். முக்கால் டன் உருளை. மூன்று நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எஃகு டேப் வைத்துப் பார்த்தேன். சிவப்பு முடிச்சு அரை அடி தள்ளிப் போயிருந்தது.

அன்றைக்கே பெரிய கடைவீதிக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கினேன். அளந்தேன், முடிச்சுப் போட்டேன், பீரோவில் வைத்தேன். பொறுப்பில்லாதவனாக இருந்தால் வாங்கியே இருக்க மாட்டேன்.

அந்த வாரம்தான் சென்னையிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வந்து சுபாவின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, வெள்ளைச்சாமியிடம் போன் நம்பர் வாங்கிப் போயிருந்தார்.

மறுநாள் காலையில் சாலைப் பக்கத்துக் கோட்டை டேப் வைத்துச் சரியாகப் போட்டேன். டாக்டர்கள் அந்தப் பக்கத்தில்தான் பந்தைப் போடுவார்கள். அவர்களை ஏமாற்றுவது நியாயம் இல்லை. சுபா சாலைப் பக்கம் நின்று ஆற்றுப் பக்கத்துக்கு சர்வீஸ் போடுவாள். ஆற்றுப் பக்கத்துக் கோட்டைப் பழைய கயிறு வைத்துப் போட்டேன்.

தினம் இருநூறு சர்வீஸ். கோட்டை ஒட்டி ஒரு தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்து, அதை அடிக்கச் சொல்வேன். ஒரு வருடத்தில் அவள் பத்துக்கு எட்டு முறை அடித்தாள். கை அப்படிப் பழகிவிட்டால் பிறகு கண்ணைக் கேட்காது. இதுதான் உயர்நிலைப் பயிற்சியின் அடிப்படை. திட்டத்தின் பதினெட்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

வெளியூர்ப் போட்டிகளில் அவள் சர்வீஸ் அரை அடி வெளியே விழுந்தது. கரூரிலும் விழுந்தது, சேலத்திலும் விழுந்தது. மெதுவாகப் போட்டால் எதிராளி அடித்து நொறுக்கினாள். முதல் சுற்று, இரண்டாம் சுற்றோடு திரும்பி வருவோம்.

பஸ்ஸில் வரும்போது அவள் ஒருநாள் கேட்டாள்.

"நம்ம கோர்ட்டுல மட்டும் எல்லாம் உள்ள விழுதே சார். வெளியில ஏன் விழ மாட்டேங்குது?"

"அங்க உன் மனசு அமைதியா இருக்கும்மா. வெளியில பதறுது."

"நான் பதறலையே சார்."

"பதறுறவங்களுக்கு அது தெரியாது."

அவள் அதை யோசித்துக்கொண்டே முசிறி வரை வந்தாள். அதற்குப் பிறகு உண்மையிலேயே பதற ஆரம்பித்தாள். என் கணிப்பு தவறவில்லை.

எங்கள் கோர்ட்டிலேயே போட்டி நடக்கும் நாட்களில், வெளியாட்கள் வருவதால், இரண்டு கோடுகளையும் டேப் வைத்துப் போடுவேன். அன்றைக்கும் அவள் சர்வீஸ் வெளியே விழும். பாத்தியா, கோர்ட்டு மாறல, கூட்டம்தான் மாறியிருக்கு என்பேன். கூட்டம் என்று சொன்னேனே, நாலு டாக்டர்கள், ரங்கநாதன், ஒரு ஆடு.

அவளை நான் ஒருநாளும் திட்டியதில்லை. தோற்று வந்த ஒவ்வொரு முறையும் வீட்டுக்கே போய், இவளைக் கைவிட மாட்டேன் என்று சொல்வேன். அவள் அம்மா மயிலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு மோர் கொடுப்பார். சென்னையிலிருந்து வந்த போனும் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது.

பதினேழு வயதில் அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே போகும். நான்தான் நல்ல மனநல டாக்டராகப் பார்த்துச் சொன்னேன். அவர் மாத்திரை எழுதினார். பயிற்சிக்கு முன்னால், மாத்திரை போட்டியா என்று தவறாமல் கேட்பேன். திட்டத்தில் நாற்பத்தொன்றாம் பக்கம், தேதி வாரியாகக் குறித்திருக்கிறேன்.

கடைசி வாய்ப்பு கோயம்புத்தூரில். மாநில அணித் தேர்வின் கடைசி ஆட்டம். மூன்றாம் செட்டில் ஐந்துக்கு நாலு, அவள் சர்வீஸ், நாற்பதுக்கு முப்பது. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் அணியில் இடம். இரண்டு பந்தும் அரை அடி வெளியே போயின. மேலும் இரண்டு. மேலும் இரண்டு. பிறகு அவள் ஒரு கேம்கூட எடுக்கவில்லை. அடுத்த வாரம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. ராக்கெட்டை ஆலையில் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். காலேஜுக்கும் போகவில்லை. ஆலையில் மூட்டைக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் எப்போது திரும்பி வந்தாலும் கை குழம்பக் கூடாதென்று, ஆற்றுப் பக்கத்துக் கோட்டைப் பழைய கயிற்றிலேயே போட்டுவந்தேன்.

இத்தோடு முடிந்திருக்கும். நன்றியுணர்ச்சிதான் கெடுத்தது.

போன மாதம் வெள்ளைச்சாமி வந்து, மகள் தோற்றபோதும் கைவிடாத மனிதருக்குத் தன்னால் ஆன மரியாதை என்று, மண் கோர்ட்டை மாற்றி சிமெண்ட் கோர்ட் போட்டுத் தருவதாகச் சொன்னார். கோடுகளுக்குப் பெயிண்ட் அடித்துவிடுவார்களாம். தினமும் நான் குனிய வேண்டாமாம். எவ்வளவோ மறுத்தேன். மறுக்க மறுக்க என் பெருந்தன்மையைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது.

வேலை எடுத்தவர் ரஃபீக், பாலக்கரைக்காரர். லேசர் கருவி வைத்திருந்தார். அன்றைக்கு சுபாவையும் அப்பா வலுக்கட்டாயமாகக் கூட்டி வந்திருந்தார். ரஃபீக் ஒருமுறை அளந்தார். கருவியைத் துடைத்து மறுபடி அளந்தார்.

"பாய், என்ன ஆச்சு?" என்றார் வெள்ளைச்சாமி.

"ரோட்டுப் பக்கம் சரியா இருக்குங்க. ஆத்துப் பக்கம் அரை அடி கூட இருக்கு."

"அரை அடிதானே," என்று வெள்ளைச்சாமி சிரித்தார். சுபா சிரிக்கவில்லை.

"எப்பலேருந்து சார்?" என்றாள்.

நேற்று மழை, கயிறு நனைந்து இளகியிருக்கும் என்று சொன்னேன். அந்தப் பதில் போதுமானதாகத்தான் இருந்தது. ஆனால் ரங்கநாதன் உதவி செய்ய விரும்பினான்.

"அதான் பீரோல புதுக் கயிறு இருக்கே சார். நாலு வருஷமா சும்மாதானே கெடக்கு. எடுத்தாரவா?"

எடுத்துக்கொண்டே வந்துவிட்டான். முடிச்சுப் போட்ட தேதியை அட்டையில் எழுதிக் கட்டுவது என் வழக்கம். சுபா அட்டையைப் படித்தாள். புதுக் கயிறு பிடித்துக் கோடு போட்டாள். கூடையிலிருந்து பந்துகளை எடுத்து, கிளப் ராக்கெட்டால் சர்வீஸ் போட்டாள். ஒரு வருடமாக ராக்கெட்டைத் தொடாத கை. இருபது பந்தும் கோட்டுக்கு அரை அடி அப்பால், ஒரு சாப்பாட்டு இலையளவு இடத்துக்குள் விழுந்தன. கை நடுங்கவே இல்லை.

வெள்ளைச்சாமி அந்த இலையளவு இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேலிக்கு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். என்னை அடிக்கவில்லை. செருப்புக் காலோடு கோர்ட்டைக் குறுக்கே நடந்து, மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் துல்லியத்தை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஆயிரத்துச் சொச்சம் காலை நேரங்களில் ஒரு காலையாவது உங்களுக்குத் தோன்றவில்லையா என்று நீங்கள் கேட்டீர்கள். தினமும் தோன்றியது. தினமும் பீரோவைத் திறந்து புதுக் கயிறு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழையதை எடுப்பேன். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லவே இல்லை. ஜெயித்தவர்கள் போய்விட்டார்கள், மேடம். தோற்றவள்தான் மூன்று வருடம் தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு வந்து, "சார், இன்னைக்காவது சரியாகுமா?" என்று கேட்டாள். அப்படி ஒரு மாணவி கிடைப்பது அபூர்வம்.

இதைச் சரிசெய்ய முடியுமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. முடியும். மிகவும் சுலபம். பந்தைத் தூக்கிப் போடும் இடத்தை நாலு விரல் முன்னால் தள்ளி, மணிக்கட்டைக் கொஞ்சம் முந்திக் கவிழ்த்தால் போதும். மூன்று வார வேலை. கயிறு வாங்கிய அன்றே அந்தத் திட்டத்தையும் எழுதிவிட்டேன். முதல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, பாருங்கள். இனி பெண்களுக்கான பெரிய போட்டிகள் இருக்கின்றன, அவற்றுக்கு வயது வரம்பு கிடையாது. மறுபடி ஆட ஆரம்பித்திருக்கிறாள், காட்டூரில் யாரோ ஒரு கோச்சிடம் போகிறாள் என்று ரங்கநாதன் சொன்னான். அந்த கோச்சுக்கு அவள் கையைப் பற்றி என்ன தெரியும்? குழு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன். என் ஒரே வேண்டுகோள், அந்த மூன்று வாரப் பயிற்சியை மட்டும் நானே நடத்த அனுமதிக்க வேண்டும். அவசரப்படுத்தினால் பெண் பதறிவிடுவாள் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்து, இரண்டு வருடத் திட்டமாகத் திருத்தி எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன்.