வறட்சியில் செத்த மாமரம்

செங்கல்பட்டு பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அந்த அம்மாளின் மடியில் ஒரு சாக்குப் பை. அதன் நாற்றத்துக்கு அதுவரை ஐந்து பேர் இடம் மாறிவிட்டார்கள். ஆறாவதாக எழ என் மூட்டு ஒத்துழைக்கவில்லை.

“முட்டிக்கால் தண்ணியில நிக்கிற மாமரம் வறட்சியில செத்துச்சின்னு எழுதி வச்சிகீறான்யா அந்த ஆபீசரு,” என்றார் அந்த அம்மாள்.

“இலை காஞ்சி கெடந்துச்சி. அத்த பாத்து எழுதிட்டாரு,” என்றார் கணவர்.

“வேரு மூச்சு முட்டி அழுகிப்போனா இலை காயாம இன்னா பண்ணும்? நீகூடத்தான் வாடுதேன்னு ரெண்டு கொடம் ஊத்தின.”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “பக்கத்துல நாவமரம் நல்லாத்தான கீது.”

“அது தண்ணிக்கு மேல புது வேரு வுட்டு பொழைச்சிக்கும். மாமரத்தால முடியுமா? பதினொண்ணுல ஏழு பூடுச்சி. மீதி நாலு நிக்கணும்னா தண்ணி வடியணும். மனை போட்டவன் மூடின கால்வாய தொறந்து வுடுன்னா, வறட்சிக்கு எதுக்கும்மா கால்வாயின்றான் அந்த ஆபீசரு.”

“சரி, பைய இறுக்கி கட்டு. நாறுது.”

“நாறட்டும். இந்த வேர அவன் மேசை மேல கொட்டப் போறேன். வறட்சியில செத்தது இப்டி நாறுமான்னு மோந்து பாத்து எழுதட்டும்.”