தம்பி பக்கம்

ஐயோ, அதை அழிக்காதீங்க சார்! இந்த லேப்டாப்ல மூணாவதா ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் பக்கத்துல போட முடியுமான்னுதானே போன்ல கேட்டேன்? இடம் பத்தலைன்னா என் பக்கத்துல இருந்து வெட்டி எடுத்துக்கங்க. ஆன் பண்ணினதும் வர்ற பட்டியல்ல ரெண்டாவது வரி இருக்கு பாருங்க, காசு குடுத்து வாங்கினது, அதுதான் என்னோடது. முதல் வரி தம்பியோடது. இலவசமா கிடைக்குமே லினக்ஸ், அது. அதுல ஒண்ணும் அழியக் கூடாது, சொல்லிட்டேன்.

தம்பின்னா கூடப்பிறந்தவன். போன வருஷம் போயிட்டான். பைக்ல கிளம்பினவன், லாரிக்காரன்... சரி விடுங்க. உங்களுக்கும் அவன் வயசுதான் இருக்கும். வேற யாராவது வந்திருந்தா வாங்க தம்பி, உக்காருங்க தம்பின்னுதான் சொல்லியிருப்பேன். வாய் வர மாட்டேங்குது. அதான் சார் சார்ங்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

வீட்ல யாருமில்லை. அம்மாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்காரு எங்க வீட்டுக்காரர். அவங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிடுமா? முடிச்சிடுங்க சார்.

அவன் இதைப் போட்ட அன்னிக்கு நான் பண்ணின ரகளை இருக்கே! பென்டிரைவைச் சொருகிட்டு உக்காந்திருக்கான், நான் தலைல அடிச்சுக்கறேன். டேய், எட்டாம் வகுப்பு வினாத்தாள் பூரா இதுக்குள்ளதான்டா இருக்கு, போச்சுன்னா ஹெட்மாஸ்டர் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாருன்னு. அவன் சிரிக்கறான். அக்கா, ஒரே வீடு, நடுவுல ஒரு சுவர் வைக்கறேன், வாசல் ஒண்ணுதான், நீ உன் பக்கம் போ, நான் என் பக்கம் போறேன்னான். சொன்ன மாதிரியே ஒரு வினாத்தாள் போகலை.

அப்புறம் யார் வரி முதல்லன்னு சண்டை. பத்து செகண்ட் யாரும் ஒண்ணும் தொடலைன்னா அது பாட்டுக்கு முதல் வரிக்குள்ள போயிடுதே! காப்பி எடுத்துட்டு வர்றதுக்குள்ள அவன் பக்கம் திறந்து நிக்கும், அவன் போட்டோவும் பாஸ்வேர்டு கட்டமுமா. கத்தினேன். அதுக்கு அவன் ஒரு வேலை பண்ணினான். கடைசியா யார் பக்கம் திறந்தாங்களோ அந்த வரி மேலேயே அந்த வெள்ளைப் பட்டை நிக்கற மாதிரி. ஆமா, உங்களுக்குத் தெரியாததா? புதுசு போட்டா அது போயிடாதே? ஞாபகம் வெச்சுக்கறது அப்படியே இருக்கட்டும் சார்.

ஏன்னா, அவன் போனதுக்கப்புறம் என் பக்கம் மட்டும்தான் திறப்பேன். பட்டை எப்பவும் என் வரிலதான் நிக்கும். ஒரு சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து ஆன் பண்றேன், அவன் வரில நிக்குது.

நானே தெரியாம அமுக்கியிருப்பேன்னு விட்டுட்டேன். மறுநாளும் அவன் வரி. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, உன் தம்பி மெயில் பாக்க வந்திருப்பான், அங்க நெட் சரியில்லை போலன்னாரு. அவருக்கு எதுலதான் விளையாட்டு இல்லை! லேப்டாப்பை பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிப் பார்த்தேன். சாவியை வழக்கம் போல ஆணிலதான் மாட்டினேன், யார் எடுக்கப் போறாங்கன்னு. வந்து எடுத்தா, அடிப்பக்கம் சூடா இருக்கு சார். மூடி வெச்ச லேப்டாப், வெதுவெதுன்னு. மடில வெச்சுக்கிட்டு அழுதேன். பயமும் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாவும் இருந்துச்சு. டேய், நீதானாடான்னு வாய் விட்டே கேட்டேன்.

அப்புறம் ஒருநாள் ஸ்கூல்ல தலைவலின்னு மத்தியானமே வந்துட்டேன். என்கிட்ட இருக்கற சாவியால சத்தமில்லாம கதவைத் திறந்தா, இதே மேஜை, இதே நாற்காலி, அம்மா உக்காந்திருக்காங்க. எதிர்ல, திரைல அவன் மூஞ்சி. ஒரு விரலால எழுத்தைத் தேடித் தேடி அடிக்கறாங்க. தப்புன்னு வருது. கொஞ்ச நேரம் யோசிக்கறாங்க. மறுபடி அடிக்கறாங்க.

பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது சார். அவன் யார்கிட்டயும் சொல்லலை, சாகற வயசா என்ன? தினமும் ஒரு பேரா அடிச்சுப் பார்த்திருக்காங்க. அவன் வளர்த்த நாய், படிச்ச ஸ்கூல், செத்துப் போன எங்கப்பா. என்னைப் பார்த்து பயப்படக்கூட இல்லை. ஏன்டி, அவன் ஏதாவது பொண்ணை விரும்பினானா, பேர் தெரிஞ்சா சொல்லேன்னாங்க. எனக்கு சிரிக்கறதா அழறதான்னே தெரியலை. உள்ள என்னம்மா இருக்கப் போகுதுன்னேன். எம்புள்ளை ரூமுக்குள்ள போக எனக்கு எதுக்குடி காரணம்னுட்டாங்க.

அன்னிலேர்ந்து தூக்கம் இல்லை சார் எனக்கு. அம்மா நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே வர்றாங்க. கண்ணும் அதனாலதான் கெட்டுச்சு.

இல்லை சார், பாஸ்வேர்டையே எடுத்துட வேண்டாம். கட்டம் இருக்கணும், கேக்கணும். ஆனா மாத்த முடியும்தானே, உள்ள இருக்கறது ஒண்ணும் கலையாம? முடியுமா? அப்பாடா. மூணாவது இன்னிக்குப் போட முடியலைன்னாலும் பரவாயில்லை. எனக்கு அது வேணும்னு உங்களைக் கூப்பிடலை. வீட்ல சொல்ல ஒரு சாக்கு வேணும், அவ்வளவுதான்.

அம்மான்னு வெச்சிடுங்க. இங்கிலீஷ்ல, சின்ன எழுத்துல, ஏ எம் எம் ஏ. பாஸ்வேர்டு நாலே எழுத்தா இருந்தா என்ன சார், எவன் திருட வரப் போறான்? அவங்க வந்ததும் நான் சொல்லிக்கறேன். அன்னிக்கு நீ பெரிய எழுத்துல அடிச்சிருப்பேம்மா, இன்னொரு தடவை அடிச்சுப் பாருன்னு.

ஆமா சார். முதல் நாள், முதல்ல, அவங்க அதைத்தான் அடிச்சாங்களாம். தப்புன்னு வந்துச்சாம்.