இடது பக்கம் அறுபத்தொரு கிலோ

— கிட்ட வராதீங்கம்மா. வண்டி எடைப் பலகை மேல நிக்குது, தொட்டா கணக்கு மாறிடும்.

— மூணு நாளா இதையேதான் சொல்றீங்கண்ணே. ஜீப்பை ரிப்பேருக்கு விட்டேனா, பழைய பேப்பர் கடையில போட்டேனா?

— கோவிச்சுக்காதீங்க, கேளுங்க. உங்க வேலை ஒண்ணும் நிக்கல. ரெண்டாவது டீசல் டேங்க் மாட்டியாச்சு. பின்னாடி எண்பது லிட்டர் தண்ணி டேங்க். பேட்டரி ரெண்டாச்சு. இஞ்சின் மணலைக் குடிச்சுடக் கூடாதுன்னு காத்துக் குழாயைக் கூரை வரைக்கும் ஏத்திட்டேன். இருபத்தஞ்சு வருஷத்து வண்டி, சாவியைத் தொட்டாலே கெளம்புது. புது ஸ்பிரிங் மட்டும்தான் பாக்கி.

— அதையும் மாட்டிடுங்க. விடிஞ்சா நான் கெளம்பணும்.

— அங்கதாம்மா சிக்கல். எடை பாக்காம நான் ஸ்பிரிங் மாட்டறதில்ல. எங்கப்பா கண்ணால பாத்தே மாட்டுவாரு, எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. எந்தச் சக்கரத்து மேல எவ்வளவு பாரம்னு தெரிஞ்சாத்தான் எத்தனை பட்டை வைக்கறதுன்னு சொல்ல முடியும். கேளுங்க, இந்த வண்டி இடது பக்கம் சாயுது.

— கிழட்டு வண்டி சாயாம என்ன செய்யும்?

— அது எனக்குத் தெரியாதா? டீசலை வடிச்சேன். தண்ணியை இறக்கினேன். சாமான் அத்தனையும் வெளிய எடுத்து வெச்சேன். ரெண்டு பக்கமும் சமமா நிக்கணும். முந்தாநாள் பாத்தா இடது பக்கம் அறுபத்தாறு கிலோ கூட காட்டுச்சு.

— உங்க பலகைதான் ரிப்பேரு.

— நானே ஏறி நின்னு பாத்தேன், என் தொப்பையைக்கூட மறைக்காம சரியாத்தான் காட்டுது. அப்புறம் டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் கழட்டித் தனியா நிறுத்தேன். பதினோரு கிலோ. அது இல்லாதப்ப அந்தக் கூடுதல் பாரமே காட்டல. திரும்ப மாட்டினா பதினொண்ணுதானே ஏறணும்? எழுபத்தேழு ஏறுச்சு.

— சீட்டுல யாரும் இல்லையேண்ணே.

— அதைத்தான் நானும் குனிஞ்சு குனிஞ்சு பாக்கறேன். மத்தியான வெயில் நேரா உள்ள விழுது. சீட்டு காலி. ஆனா பஞ்சு அமுங்கியிருக்கு.

— எனக்கு இதெல்லாம் கேக்க நேரமில்லண்ணே. என் வீட்டுக்காரரைக் காணாம பதினோரு நாளாச்சு. இந்த வண்டியிலயே நாடு நாடாப் போகணும்னு பத்து வருஷமா வரைபடத்தைச் சுவத்துல ஒட்டி வெச்சு ஆசைப்பட்ட மனுஷன். முதல் மணல் காட்டைக்கூடத் தாண்டல. தேடப் போனவங்க வெறும் வண்டியை எடுத்துட்டு வந்து, இனிமே ஆள் இருக்க வாய்ப்பில்லன்னு கையை விரிச்சுட்டாங்க. இருக்காருன்னு நான் சொல்றேன். வண்டியில இருந்த ரெண்டு தண்ணி கேனும் காணோம். கேனுக்குக் கால் மொளச்சா போச்சு? அவருதான் தூக்கிட்டு நடந்திருக்காரு.

— அவரு என்ன எடை இருப்பாரும்மா?

— எதுக்குக் கேக்கறீங்க?

— சும்மா சொல்லுங்க.

— போன மாசம் டாக்டர்கிட்ட போனப்ப எழுபத்தொண்ணு. எண்ணெய்ப் பண்டத்தைக் குறைங்கன்னாரு. ஏண்ணே திரும்பவும் பலகையையே பாக்கறீங்க?

— முந்தாநாள் அறுபத்தாறு. நேத்து அறுபத்துநாலு. இப்ப அறுபத்தொண்ணு.

— குறையுதா?

— குறையுதும்மா. தண்ணி கிடைக்காத ஆளு வத்தற மாதிரி.

— அப்போ உயிரோட இருக்காரு! பாத்தீங்களா? எங்கயோ ஒரு பாறை நெழல்ல உக்காந்துட்டு என்னை எதிர்பாத்துட்டு இருக்காரு. எனக்குத் தெரியும்ணே, தெரியும்.

— கேளுங்க, ஒண்ணுதான் புரியல. அது பக்கத்து சீட்டு. அவரு ஓட்டிட்டுத்தானே போனாரு?

— பின்ன? ஸ்டியரிங்கை யாருக்கும் விட மாட்டாரு. எனக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தாரு, ஆனா நான் கியர் மாத்தினா பல்லைக் கடிப்பாரு.

— ஆறடி ஆளுன்னு நீங்கதான் சொன்னீங்க. டிரைவர் சீட்டைக் கடைசி வரைக்கும் முன்னாடி தள்ளி, அப்படியே மணல்ல இறுகிக் கிடக்கு. உயரம் கம்மியான ஆளுதான் கடைசியா ஓட்டியிருக்கணும்.

— என்னைக் குள்ளின்னு சொல்லாம சொல்றீங்க.

— ஐயோ, அப்படி இல்லம்மா. வண்டியை இழுத்துட்டு வந்த லாரிக்காரன் சொன்னான், போனவங்க ரெண்டு பேருன்னு. அப்புறம் நீங்க வந்து நின்னதும், சரி, அவன் உளர்றான்னு விட்டுட்டேன்.

— உளறல்தான். நான் வாசல்ல நின்னுதான் வழியனுப்பினேன். நின்னேன்னுதான் நெனைக்கறேன். அதுக்கப்புறம் வெயில் மட்டும்தான் ஞாபகம் இருக்கு. இந்தப் பதினோரு நாளா வீட்ல யாரும் எனக்கு முகங்கொடுத்துப் பேசறதில்லண்ணே. மாமியார் எனக்கு நேரா உக்காந்து அழறாங்க, அத்தைன்னு கூப்பிட்டா திரும்பறதில்ல. அவரைப் போக விட்டேன்னு கோவம். வண்டியை எங்க விட்டிருக்காங்கன்னு தேடி இந்தத் தெருவுல ஏழு பட்டறை ஏறி இறங்கினேன். ஒருத்தனும் தலை நிமிரல. நீங்க ஒருத்தர்தான் என்னம்மா வேணும்னு கேட்டீங்க. அழுகையா வந்துச்சு.

— சரி, விடுங்க. கேளுங்க, ஓட்டப்போறது நீங்கதானே? ஏறி டிரைவர் சீட்டுல உக்காருங்க. உங்க பாரத்தையும் சேத்துப் பாத்துட்டு சாயங்காலத்துக்குள்ள ஸ்பிரிங்கை மாட்டிடறேன்.

— ஏறிட்டேன். அளவெடுத்து வெச்ச மாதிரி இருக்கு.

— நல்லா சாஞ்சு உக்காருங்க.

— உக்காந்துட்டேண்ணே. எவ்வளவு காட்டுது?

— காலை உள்ள எடுத்தீங்களா?

— எடுத்துட்டேன்னு சொல்றேன்ல. முள்ளைப் பாத்துச் சொல்லுங்க.

— வலது பக்கம் ஏறவே இல்லம்மா.

— ஏறலன்னா?

— ஒரு கிலோகூட. நீங்க உக்காந்திருக்கறது என் கண்ணுக்குத் தெரியுது. பலகைக்குத் தெரியல.

— இடது பக்கம்?

— அறுபத்தொண்ணு. இல்ல, இப்ப அறுபது.

— அழாதீங்கண்ணே, விடியற வரைக்கும் அவரு தாங்க மாட்டாரு. டீசலை ஊத்துங்க, தண்ணியை நிரப்புங்க. பெடல் என் காலுக்கு அமுங்க மாட்டேங்குது, நீங்கதான் ஓட்டணும். வழி நான் சொல்றேன். அன்னிக்கு ஓட்டிட்டுப் போனது நான்தான்.