யான்யானின் காது

– யோசப்பின், பிள்ளையின்ர காதில என்னப்பா மினுங்குது?

– மெல்லக் கதையுங்கோ. இப்பதான் அழுது களைச்சுக் கண்ணயர்ந்தவள்.

– தோடோ? ஐயோ, காது குத்திப்போட்டியோ!

– வியா மக்வேதாத் தெருவில நகைக்கடைக்காரி குத்தினவள். பொட்டுப் போலத் தோடு. பொம்பிளைப்பிள்ளை வெறுங்காதோட பயணம் போறதோ?

– கேட்டியே, அவள் பொம்பிளைப்பிள்ளையாவோ போறாள்? பின்னேரம் நாப்போலிக் கப்பல், பிறகு றோமில பிளேன். பெத்தவள் மெய்ஹுவாவின்ர பெரியம்மாவின்ர பாஸ்போட்டில இருக்கிறது அவவின்ர பேரப்பெடியன்ர பேர். பெடியன் இஞ்சை நிக்க, அவனெண்டு சொல்லித்தானே யான்யானைச் சீனாவுக்குக் கொண்டுபோகினம்? நேற்றுத் தலைமயிரையும் ஒட்ட வெட்டியாச்சு. எல்லாம் உனக்குத் தெரியும்தானே?

– தெரியும்.

– தெரிஞ்சுகொண்டோ குத்தினனீ?

– ஓம். இந்த ஊரில காதில தோட்டைக் கண்டால் பெட்டைப்பிள்ளை எண்டு ஆரும் சொல்லுவினம். எயார்போட்டில திருப்பி விடுவாங்கள். திருப்பி விட்டால் எங்கை வருவாள்? இஞ்சைதான்.

– விசரி! திருப்பி விடமாட்டாங்கள், குவெஸ்தூராப் பொலிசுக்குக் குடுப்பாங்கள். மெய்ஹுவாவுக்கு இஞ்சை இருக்கப் பெர்மெஸ்ஸோக் கடுதாசி இல்லை. தாயைப் பிடிச்சு அனுப்பிப்போட்டுப் பிள்ளையை எந்த மடத்திலயோ விடுவாங்கள். அதை யோசிச்சியோ?

– மாதாவே... அவ்வளவு தூரம் யோசிக்கேல்லை.

– யோசிக்கமாட்டாய்.

– தவழ முன்னம் என்ர கையில தந்தவள். லிபெர்த்தாத் தெருவில நான் வேலை செய்யிற சிஞ்ஞோரா வீட்டுத் தரையை இவளை முதுகில கட்டிக்கொண்டுதானே துடைச்சனான். ‘அம்மா, சோறு’ எண்டு என்னைத்தான் கேக்கிறாள்.

– அதாலதான் அனுப்புகினம். பெத்தவள் மேல்வீட்டிலயிருந்து இறங்கி வந்தால் உன்ர பாவாடைக்குப் பின்னாலை ஒளிக்கிறாள். எந்தத் தாய் தாங்குவாள்?

– அங்கை போனாலும் ஒளிப்புத்தான். ஏற்கெனவே ஒரு மகள் இருக்காம், ரெண்டாவது பிள்ளையெண்டு இவளைப் பதிய விடமாட்டாங்களாம். பதியாட்டிப் பள்ளிக்கூடமும் இல்லை. அதிகாரிமார் வந்தால் மெய்ஹுவாவின்ர மாமியார் பண்டிக்கூட்டுக்குப் பின்னாலை மறைச்சு வைப்பாவாம். பிறந்த பிள்ளையைப் பிறக்கேல்லை எண்டு சொல்லுற அரசாங்கமும் ஒரு அரசாங்கமே?

– கேட்டியே, தொண்ணூறில மன்னாரில எங்கட கோயில் கூரையைக் குண்டு போட்டுப் பிரிச்ச பிளேனும் அந்த அரசாங்கம் வித்ததெண்டுதான் சனம் கதைச்சது. நீ இவளைத் தூக்கிக்கொண்டு வந்த அண்டைக்கே சொன்னனான், அந்த நாட்டுப் பிள்ளை எங்களுக்கு வேண்டாமெண்டு.

– சொன்னனீங்கள். பிறகு ஆர் தோளில வைச்சுக்கொண்டு போய்த் துறைமுகத்தில கப்பல் காட்டினது?

– ...கதவு தட்டுது. அவள்தான். தோட்டைக் கழட்டு, கெதியா!

– மாட்டன்.

– சியாவோ, அக்கா. சியாவோ, அண்ணை. பிள்ளை ரெடி?

– வா மெய்ஹுவா, இரு. தையல்கடையில வர விட்டவங்களோ?

– கொஞ்ச நேரம். பிறகு மெஷின். பெரியம்மா துறைமுகத்தில. நான் அங்கை போக ஏலாது, பொலிஸ். அண்ணை கொண்டுபோறது.

– கொண்டுபோறன் பிள்ளை. ஆனால் உன்ர அக்கா ஒரு விசர்வேலை பாத்துப்போட்டா. காதைப் பார்.

– என்னை ஏசு மெய்ஹுவா. உன்ர பாஷையில எண்டாலும் ஏசு.

– இது தங்கம்?

– தங்கம்தான். எங்களுக்குப் பிறக்கப்போற பிள்ளைக்கெண்டு வாங்கி வைச்சது. பிறக்கேல்லை.

– பிள்ளை போகாமல் மறிக்க, அக்கா? அதுக்கோ?

– ஓம், மறிக்கத்தான். இவளை என்னட்டை விட்டிட்டுப் போ. உன்ர பாஷையை நான் பழகி அவளுக்குச் சொல்லிக் குடுக்கிறன். உன்னைத்தான் அம்மா எண்டு கூப்பிடப் பழக்குவன். சத்தியமாப் பழக்குவன்.

– மாமி சொன்னது, அனுப்பு. புருசன் சொன்னது, அனுப்பு. நான் ஆர், அக்கா?

– நீ தாயடி!

– தாய் மெஷினில. விடிய மெஷின், இரவு மெஷின்.

– யோசப்பின், விடு. அவளைப் போட்டு அரிக்காதை.

– அண்ணை, நான் தொப்பி வாங்கினது. கம்பளி. இப்ப குளிர்தானே, காது மூடும். நித்திரைப் பிள்ளைக்குத் தொப்பி ஒருத்தரும் கழட்டமாட்டினம்.

– கேட்டியே, அது நல்ல யோசினை. தோட்டையும் கழட்டிவிடுவம். கொஞ்ச நாளில துளை தூர்ந்து போகும், குத்தின அடையாளமே இராது.

– வேண்டாம்! கழட்டவேண்டாம். அடையாளம் இருக்கட்டும். மாமிக்கும் ரெலிபோனில சொல்லுவன், கழட்டவேண்டாம்.

– ஏனடி? உனக்கு என்னில கோவமில்லையோ?

– அக்கா, போன வருசம் ஊரிலயிருந்து படம் வந்தது. வாசலில கனக்கப் பிள்ளையள். நான் படத்தில என்ர மூத்த மகளைத் தொட்டு, முத்தம் குடுத்து, அழுதது. பிறகு புருசன் வந்து பாத்தது. அது பக்கத்து வீட்டுப் பிள்ளை.