ஏழு பூனைகளும் ஒரே பேரும்

அண்ணி: ...இல்ல வாண்டு, கம்ப்யூட்டர்ல இந்தக் கார்டும் அதையேதான் சொல்லுது. பூனையின் பேரு: சரி.

நாத்தனார்: அடுத்த கார்டப் பாருங்க அண்ணி.

அண்ணி: பேரு: சரி.

நாத்தனார்: அதுக்கு அடுத்தது?

அண்ணி: சரி.

நாத்தனார்: வாயால சரின்னா போதுமா? பட்டன அழுத்துங்க.

அண்ணி: அழுத்திட்டேண்டி! அந்தப் பூனை பேரும் சரிதான்! பேரு சரி, ஓனர் சரி, அங்க அடையாளம் சரி...

நாத்தனார்: ஃபோன் நம்பர்? அதாவது சரியா இருக்கா?

அண்ணி: 'சரி'ன்னு இருக்கு.

நாத்தனார்: அய்யய்யோ.

அண்ணி: அந்த அய்யய்யோவ நான் மத்தியானத்துலேர்ந்து சொல்லிட்டிருக்கேன். மணி நாலு. நாலரைக்கு கணக்கு வாத்தியார் வந்துடுவார், பூனைய எடுத்துட்டுப் போக. அவரோடதும் சாம்பல் நிறம், வக்கீலம்மாவோடதும் சாம்பல் நிறம். ரெண்டும் ஒரே கூடையில பின்னிப் பிணைஞ்சு தூங்குது. எது யாரோடதுன்னு நான் எப்படிச் சொல்ல?

நாத்தனார்: ஆளுக்கொரு ரிப்பன் கட்டியிருந்தீங்களே?

அண்ணி: காலையில குளிப்பாட்டறப்போ அவுத்தேன். கார்டுலதான் எல்லாம் இருக்கேன்னு தைரியம்.

நாத்தனார்: அங்க அடையாளம் எழுதினது நீங்கதான? ஞாபகம் இல்லையா?

அண்ணி: எழுதி வச்சாச்சு, அதனால மறந்துட்டேன். எழுதறதே மறக்கறதுக்குத்தானே?

நாத்தனார்: நாலு நாளா சோறு போடறீங்க, மூஞ்சி கூடவா...

அண்ணி: நான் எங்க மூஞ்சியப் பாத்தேன்? தட்டு காலியான்னு பாப்பேன், மண்ணு மாத்தணுமான்னு பாப்பேன். ஏழு பூனைக்கு ஒருத்தி. நீ ஆஸ்பத்திரில ரத்தம் எடுக்கற வேலைய ஒழுங்காப் பாத்திருக்கலாம். 'உங்க பூனை விடுதிய நான் கம்ப்யூட்டர்ல ஏத்தறேன் அண்ணி'ன்னு வந்தியே...

நாத்தனார்: சரி சரி...

அண்ணி: அந்த வார்த்தையச் சொல்லாத!

நாத்தனார்: லேப்டாப்ப இப்படித் திருப்புங்க. ஒண்ணொண்ணா பாப்போம். மொதல்ல ஒரு சந்தேகம். ஏழு பூனைதானே? நீங்க 'அடுத்தது' அழுத்தினப்போ நாலு கார்டுதான் வந்துச்சு.

அண்ணி: ஆமா, ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு. ரெட்டைப்படை வரவே வராது. நான் அது ஏதோ உன் ஸ்டைல்னு நெனச்சேன்.

நாத்தனார்: ரெட்டைப்படை பூனைகள எப்படிப் பாப்பீங்க?

அண்ணி: நேர்ல.

நாத்தனார்: ம்... இருங்க. பட்டன் என்ன செய்யணும்னு நான் எழுதின ஸ்கிரிப்டத் திறக்கறேன். 'அடுத்த கார்டுக்குப் போ.' நல்லாத்தான் இருக்கு. அடியில... ஓ. 'செய்தியை மேலே அனுப்பு'ன்னு விட்டிருக்கேன்.

அண்ணி: மேலன்னா? மாடிக்கா?

நாத்தனார்: இல்ல அண்ணி. நாம அழுத்தினா அந்தச் செய்தி மொதல்ல பட்டனுக்குப் போகும். பட்டன் கண்டுக்கலன்னா கார்டுக்குப் போகும். கார்டும் கண்டுக்கலன்னா மொத்தக் கார்டுக் கட்டுக்கும் போகும்.

அண்ணி: நம்ம வீட்டுல அழைப்பு மணி அடிச்சா நடக்கறதுதான். நான் எழுந்திரிக்கலன்னா உங்க அண்ணன். அவரும் எழுந்திரிக்கலன்னா நீ.

நாத்தனார்: நானும் எழுந்திரிக்கலன்னா?

அண்ணி: நீ என்னிக்கு எழுந்திரிச்ச?

நாத்தனார்: ...இங்க என்ன ஆச்சுன்னா, பட்டன் எழுந்து கதவத் தொறந்துடுச்சு. தொறந்துட்டு, 'யாராச்சும் கதவத் தொறங்க'ன்னு உள்ள பாத்து மறுபடி கத்தியிருக்கு. கார்டும் எழுந்து வந்து தொறக்குது. ஒரு அழுத்துக்கு ரெண்டு தாவல்.

அண்ணி: நம்ம வீட்டுல ஒருத்தர் வந்தாலே அதிசயம்.

நாத்தனார்: அந்த வரிய எடுத்துட்டேன். அழுத்துங்க.

அண்ணி: ஒண்ணு... ரெண்டு... மூணு... அட, நாலு! நாலாம் நம்பரே, வாடா கண்ணா! உன் பேரு என்னடா?

நாத்தனார்: என்ன?

அண்ணி: சரி.

நாத்தனார்: இப்போ அதுக்கு வர்றேன். புதுப் பூனை சேக்கற ஸ்கிரிப்ட். 'பூனையின் பேரு என்ன என்று கேள். அதைப் பேர்க் கட்டத்தில் போடு.' இதுல தப்பே இல்லையே.

அண்ணி: எதைப் போடு?

நாத்தனார்: அதை.

அண்ணி: அதான் கேக்கறேன், எதை?

நாத்தனார்: அதைத்தான் அண்ணி! 'அது'ங்கிறது ஒரு டப்பா மாதிரி. நாம கடைசியா சொன்ன பதில் எதுவோ அது 'அது'ல இருக்கும்.

அண்ணி: எது எதுல இருக்கும்?

நாத்தனார்: அது 'அது'ல!

அண்ணி: உங்க அண்ணன்தான் இப்படிப் பேசுவார். 'அத எடுத்து அதுல வை'ம்பார். கல்யாணமான நாள்லேர்ந்து நானும் எதையோ எடுத்து எதுலயோ வச்சிட்டுத்தான் இருக்கேன்.

நாத்தனார்: சும்மா ஒரு பூனையச் சேத்துப் பாப்போம். பேரு கேக்குது. என்ன போட?

அண்ணி: மகாராணி.

நாத்தனார்: ம-கா-ரா-ணி. போட்டாச்சு. இப்போ பேரு நேரா கட்டத்துக்குப் போய்... ஐயோ, இது என்ன நடுவுல?

அண்ணி: 'உப்பு போட்டாச்சா?' ஆங், இதேதான்! ஒவ்வொரு பூனைக்கும், ஒவ்வொரு கேள்விக்கு அப்புறமும் இதக் கேக்கும்.

நாத்தனார்: நீங்க என்ன பண்ணுவீங்க?

அண்ணி: பூனைக்கு எதுக்கு உப்புன்னு மொத நாள் யோசிச்சேன். அப்புறம், படிச்சவ எழுதினது, காரணம் இருக்கும்னு 'சரி'ய அழுத்திடுவேன். ஏண்டி திருதிருன்னு முழிக்கற? உப்பு எங்கேர்ந்து வந்துச்சு?

நாத்தனார்: அது வந்து...

அண்ணி: எந்த அது? டப்பாவா?

நாத்தனார்: திட்டக் கூடாது. சமையல் குறிப்பு எழுதி வைக்க எனக்குன்னு ஒரு கார்டுக் கட்டு வச்சிருந்தேன்ல... அதத்தான் மேல தலைப்ப மட்டும் மாத்தி...

அண்ணி: அடிப்பாவி! 'ரெண்டு வாரம் கண்ணு முழிச்சு உங்களுக்காகவே எழுதினேன்'னு என் தோல் கைப்பையப் பரிசா வாங்கிட்டுப் போனியே!

நாத்தனார்: தலைப்பு மாத்தவே ரெண்டு வாரம் ஆச்சு அண்ணி.

அண்ணி: இப்பல்ல புரியுது. வந்து விடறவங்ககிட்ட 'எத்தனை பேருக்குப் பரிமாறலாம்?'னு கேக்கச் சொல்லுதே, நான் ஒரு அம்மாகிட்ட கேட்டே தொலைச்சேன்! பூனையத் தூக்கிட்டு ஓடிட்டாங்க!

நாத்தனார்: புரிஞ்சுதா இப்போ? பேரு கேக்குது, 'மகாராணி' போய் 'அது'ல உக்காருது. நடுவுல உப்பு கேக்குது, நீங்க 'சரி'ங்கறீங்க. 'சரி' போய் 'அது'ல உக்காருது.

அண்ணி: மகாராணி?

நாத்தனார்: எழுந்து போயாச்சு. கட்டத்துக்கு வர்றது வெறும் 'சரி'. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு உப்பு.

அண்ணி: உப்பத் தின்னது நீ. தண்ணி குடிக்கறது நானு.

நாத்தனார்: உப்பத் தூக்கிட்டேன். மறுபடி... மகாராணி. ஆஹா! பேரு: மகாராணி! எப்படி?

அண்ணி: நல்லா இருக்குடி. ஆனா முன்னாடி கார்டும் மகாராணிங்குதே.

நாத்தனார்: என்னது?

அண்ணி: அதுக்கு முன்னாடியும் மகாராணி. மொத்தம் எட்டு மகாராணி.

நாத்தனார்: இருக்காதே... நீங்க ஏதாவது நோண்டினீங்களா?

அண்ணி: நானா? எனக்கு என்ன தெரியும்? ஒரே ஒரு டிக்தான் போட்டேன்.

நாத்தனார்: எதுல?

அண்ணி: 'எல்லாக் கார்டிலும் இதையே காட்டு'ன்னு ஒண்ணு இருந்துச்சு.

நாத்தனார்: அண்ணீ! எதுக்கு?

அண்ணி: அவசரமா ஒரு கார்டு போட வேண்டியிருந்துச்சு. எல்லாத்தையும் மறுபடி அடிக்கச் சோம்பல். பழச அப்படியே காட்டட்டும்னு...

நாத்தனார்: யாரோட கார்டுக்கு அவ்வளவு அவசரம்?

அண்ணி: வக்கீலம்மாவோடது. அத விடு.

நாத்தனார்: பேரெல்லாம் தனித்தனியா அழிஞ்சது போதாதுன்னு இப்போ கூட்டமா அழிஞ்சிருக்கு. கிணறு வெட்டப் போய்...

அண்ணி: பூதத்தப் பத்தி அப்புறம் பேசலாம். பழசத் திரும்பக் கொண்டு வா. நாமதான் 'சேமி'ன்னே எதையும் அழுத்தலையே!

நாத்தனார்: இது கேக்காமலே சேமிச்சுடும் அண்ணி. நாம எழுதினதும் அது கல்வெட்டு.

அண்ணி: உப்பக் கேக்கத் தெரியுது, இதக் கேக்கத் தெரியலையா?

நாத்தனார்: சரி... மன்னிச்சுக்குங்க, சொல்லிட்டேன். ஒரு வழி இருக்கு. வக்கீலம்மாவுக்கு ஃபோன் போட்டு அடையாளம் கேளுங்க.

அண்ணி: அவங்க... கோர்ட்ல இருப்பாங்க.

நாத்தனார்: இன்னிக்கு ஞாயித்துக்கிழமை.

அண்ணி: ...பெரிய வக்கீல்.

நாத்தனார்: அப்போ வாத்தியாரையே கேட்டுடலாம். அவர் பூனை அவருக்குத் தெரியாதா?

அண்ணி: வாசல் போர்டுல என்ன எழுதியிருக்கு? 'உங்கள் பூனை எங்கள் கண்.' ஓனரப் பாத்து 'உங்க பூனை எதுங்க'ன்னா நாளைக்கு எவன் வருவான்? இத அவர்கிட்ட யாரு கேக்கறது?

நாத்தனார்: பூனைக்கு யாரு மணி கட்டறது...

அண்ணி: கட்டியிருந்தா இந்தத் தொல்லையே இல்ல. ஐயோ, கேட் சத்தம். வந்துட்டார். சிரி.

வாத்தியார்: வணக்கம்மா. கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டேனோ?

அண்ணி: வாங்க சார், வாங்க! இவ என் நாத்தனார். உங்க பூனை உங்களத்தான் தேடிட்டே இருந்துச்சு.

வாத்தியார்: என்னையா?

அண்ணி: ஆமா சார். அதோ கூடையில. நீங்களே ஆசையா எடுத்துக்குங்களேன்.

வாத்தியார்: ரெண்டு இருக்கே.

நாத்தனார்: ஆமா சார், உங்களுக்குத் தெரியாததா?

வாத்தியார்: தெரியும்... தெரியாம என்ன. தூங்கறத எழுப்புவானேன்னு பாக்கறேன். நீங்களே எடுத்துக் குடுங்கம்மா.

அண்ணி: உங்க கைபட்டா அதுக்கு ஒரு சந்தோஷம் சார்.

வாத்தியார்: உங்க கைக்குப் பழகியிருக்கும். நாலு நாள் வளத்தது நீங்க.

நாத்தனார்: பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்களேன் சார்.

வாத்தியார்: பேரா... நான் பேரெல்லாம் சொல்றதில்லம்மா. மரியாதை.

அண்ணி: பூனைக்கா?

வாத்தியார்: உங்க கம்ப்யூட்டர்ல பேரு இருக்குமே? அதப் பாத்துக் கூப்பிடுங்க.

நாத்தனார்: அதுல... மகாராணின்னு இருக்கு சார்.

வாத்தியார்: ஆங், அதேதான். மகாராணி.

நாத்தனார்: அண்ணி... அந்தப் பேர நீங்கதானே இப்போ...

அண்ணி: ஸ்ஸ்ஸ். சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்க பூனைக்கு...

நாத்தனார்: இருங்க அண்ணி, இந்தப் பக்கம் படுத்திருக்கறதோட காதத் தூக்கிப் பாருங்க. உள்ள கறுப்பா ஒரு மச்சம். இன்னொண்ணுக்கு இல்ல!

வாத்தியார்: மச்சமா? எந்தக் காதுல?

நாத்தனார்: இடது காதுல சார்.

வாத்தியார்: ...நான் கொஞ்சம் உக்காந்துக்கலாமாம்மா?

அண்ணி: ஐயோ, என்ன சார், வேர்க்குது உங்களுக்கு. தண்ணி எடுத்துட்டு வாடி! சார், உண்மையச் சொல்லிடறேன். எங்களுக்கு எது உங்க பூனைன்னு தெரியல. உப்பு, மகாராணி, எல்லாம் கலந்து போச்சு. மன்னிச்சிடுங்க.

வாத்தியார்: நீங்க எதுக்கும்மா மன்னிப்பு கேக்கறீங்க? எனக்கே தெரியலையே.

நாத்தனார்: உங்க பூனை உங்களுக்குத் தெரியலையா?

வாத்தியார்: என் வீட்டுக்காரி பூனைம்மா. அவளுக்கு அது உசிரு. பொண்ணு வீட்டுக்குப் போறப்போ 'திரும்பி வர்றப்போ நீங்க இல்லாட்டியும் பரவால்ல, இது இருக்கணும்'னு சொல்லிட்டுப் போனா. அன்னிக்கு சாயந்தரமே சமையல்கட்டு ஜன்னல் வழியா ஓடிப்போச்சு. பத்து நாள் ஆகுது. தெருத்தெருவா, தட்டத் தட்டிட்டு... என்கிட்ட படிச்ச பசங்கெல்லாம் பாத்து சிரிச்சானுங்க.

நாத்தனார்: அப்போ நீங்க இங்க கொண்டு வந்து விட்டது?

வாத்தியார்: ஸ்கூலுக்குப் பின்னாடி புடிச்சது. நிறம் ஒத்துப் போச்சு. வீட்டுப் பூனை மாதிரி நடந்துக்கக் கத்துக்கட்டும்னுதான் உங்ககிட்ட சேத்தேன். அவ பூனைக்கு இடது காதுல இருக்கற மச்சம் ஒண்ணுதான் இடிச்சுது. பேனாவால வச்சுப் பாத்தேன். கால நக்கி நக்கித் தேச்சு அஞ்சே நிமிஷத்துல அழிச்சிடுச்சு. இன்னிக்கு ஏழு மணி வண்டியில அவ வர்றாம்மா.

நாத்தனார்: அப்போ மச்சம் இல்லாததுதான் நீங்க கொண்டு வந்தது! தெளிஞ்சு போச்சு! அண்ணி, கண்டுபிடிச்சாச்சு... அண்ணி? ஏன் கண்ணத் தொடைக்கறீங்க?

வாத்தியார்: இந்த மச்சக்காரி யாரோடதும்மா? எங்க வீட்டுதோட எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது, மூஞ்சியக்கூட சரியாப் பாத்ததில்ல. ஆனா இப்படி ஒரு கண்ண மட்டும் தொறந்து, 'நீயா, சீ'ன்னு பாத்துட்டு மூடிக்குமே... அப்படியே அதேதான். யாரோ குடுத்து வச்சவங்க.

நாத்தனார்: வக்கீலம்மாவோடது சார். பெரிய வக்கீல்.

அண்ணி: வக்கீலம்மான்னு யாருமே இல்ல சார்... பத்து நாளைக்கு முன்னாடி இது எங்க பின்பக்க ஜன்னல்ல வந்து நின்னு, நனைஞ்சு போய், என்னையே பாத்துச்சு. 'இனி ஒரு தெருப்பூனை உள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போயிடுவேன்'னு இவ அண்ணன் சொல்லியிருந்தார், அதான் அவசர அவசரமா ஒரு வக்கீலம்மாவ உண்டாக்கி, அவங்க பேர்ல ஒரு கார்டு போட்டேன். இந்த மச்சக்காரியக் கூட்டிட்டுப் போங்க, உங்க வீட்டம்மா வந்து பாக்கட்டும்... அந்த ஸ்கூல் பூனைய மட்டும் இங்கயே விட்டுட்டுப் போங்க சார். திடீர்னு வக்கீலம்மா பூனை காணோம்னா, வக்கீலம்மா என்ன ஆனாங்கன்னு அவர் கேப்பாரு, நான் என்னத்தச் சொல்ல?