இன்றைக்கும் யாரும் வரவில்லை

"அப்போ பூனையையும் நீதான் கொண்டுபோய் விட்டியா?" என்றான் அண்ணன்.

"விடலண்ணா, குடுத்தேன். பல் டாக்டர் வீட்டுல. இப்போ நல்லா கொழுத்துப்போயிருக்கு, நீயே பாத்தியே."

பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். பார்சல் போடப் போன வழியில், பல் டாக்டர் வீட்டு பால்கனியில் எங்கள் மூட்டை வெயில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. மூட்டை என்பது பூனையின் பெயர். தொலைந்துபோனதாக நம்பி, மழையில் தெருத்தெருவாக அண்ணன் தேடிய பூனை. இன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டதாம். என்மேல் இருந்த கோபத்தைவிட அந்தக் கொட்டாவிதான் அவனை அதிகம் வாட்டியது என்று நினைக்கிறேன்.

அண்ணனிடம் நான் பொய் சொல்வதில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன். இத்தனை மாதமாக அவன் கேட்கவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொன்னால் யாருக்கும் புரியும். அண்ணன் ஓர் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து கழுத்து வலியைத் தேடிக்கொண்டவன். ஒருவர் கழுத்தைப்போல் இன்னொருவர் கழுத்து இருக்காது, பிறகு எல்லோருக்கும் ஒரே தலையணை எதற்கு என்று ஒருநாள் கேட்டான். கேட்டதோடு நிற்காமல் வேலையையும் விட்டான். கழுத்தின் அளவையும் தோளின் அளவையும் அனுப்பினால் அதற்கேற்ற தலையணை தைத்து அனுப்புவோம். மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் தையல் இயந்திரங்கள், மற்றதில் பஞ்சு. இருமினால்கூட ஒரு சிறு மேகம் எழும்பும். செய்வது அவன், உலகுக்குச் சொல்வது நான். ஆன்லைன் மார்க்கெட்டிங் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவனும் அண்ணன்தான்.

பாடத்தில் சொன்னதையெல்லாம் செய்தேன். தள்ளுபடி, போட்டி, கேள்வி பதில், தலையணையைக் கட்டிக்கொண்டு அண்ணன் ஆடிய ரீல்ஸ். லைக் போட்டவர்களில் பாதிப் பேர் சித்தி வீட்டார். மீதிப் பேர் நான், வேறு வேறு பெயர்களில்.

பிறகு ஒரு கண்காட்சியில் கடை போட்டோம். அன்று பெருமழை. தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்து அண்ணன் டிபன் பாக்ஸைத் திறந்தான், வாசலைப் பார்த்தான், சாப்பிடாமலே மூடினான். சும்மா போனில் பிடித்தேன். 'இன்றைக்கும் யாரும் வரவில்லை' என்று ஒரு வரி எழுதிப் பேஜில் போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். விடிந்தபோது போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜையின் விளிம்புக்கே வந்திருந்தது. 'அண்ணா அழாதீங்க, எனக்கு ரெண்டு.' 'எனக்குக் கழுத்தே வலிக்கல, இருந்தாலும் வாங்கறேன்.' பெயர் சொல்லவே வாயில் வராத ஊர்களிலிருந்தெல்லாம் ஆர்டர்.

அண்ணன் பூரித்துப்போனான். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. வாயெல்லாம் பல்லாக அவன் நன்றி சொன்ன வீடியோவைப் போட்டதும் ஆர்டர் படுத்துவிட்டது. 'நாலு பேர் வாங்கினதும் வந்த தெம்பைப் பாரு' என்று யாரோ கமெண்ட் எழுதியிருந்தார்கள். எங்களிடம் தைக்க வரும் தையலக்கா என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் சிரிச்சா யாரோ ஒரு ஆளு மாதிரி இருக்காரும்மா. வாடிப்போய் நின்னாத்தான் நம்ம வீட்டுப் பிள்ளையாத் தெரியறாரு" என்றாள்.

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். சந்தை ஆய்வு பற்றிப் பாடத்தில் ஓர் அத்தியாயமே உண்டு; அதில் இவ்வளவு தெளிவாக எதுவும் இல்லை.

முதலில் அண்ணனிடம் நேர்மையாகவே கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் சோகமாக இரு என்றேன். தும்மல் வந்து நின்றுபோனவனைப் போல ஒரு முகம் வைத்தான். காய்ச்சல் என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போடக்கூடத் தெரியாதவன். அவனுக்கு நடிக்க வராது. ஆகவே அசல் சரக்குக்கு நான்தான் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

"என் பொறந்த நாளைக்கு ஒருத்தர்கூடக் கூப்பிடலையே, அது?" என்றான் இப்போது.

"சர்ப்ரைஸ் பண்றோம், யாரும் கூப்பிடாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிவச்சிருந்தேன்."

"சர்ப்ரைஸ் எங்க?"

"அதான் யாருமே கூப்பிடலையே."

சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைக் கிள்ளி எடுத்தான். பிறகு, "தையல் பிரிஞ்சு கெடந்த தலையணைங்க?"

"பிளேடு."

"எலின்னு சொன்னியே."

"எலியாத்தான் இருக்கும்னு நீயா சொன்னண்ணா. நான் ஆமான்னுகூடச் சொல்லல."

இதில் எதையும் நான் எனக்காகச் செய்யவில்லை. இரண்டு அறைகள் மூன்றாயின. தையலக்காவோடு அவள் ஓரகத்தியும் அவள் அண்டை வீட்டுக்காரியும் வேலைக்கு வந்தார்கள். அண்ணன் தன் கனவை நடத்திக்கொண்டிருந்தான். அதற்கு அவன் கொடுக்க வேண்டியிருந்தது ஒரு முகம் மட்டும். அந்த முகத்தை என்னளவு கூர்ந்து பார்த்த மனிதர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. எந்தத் துக்கம் புருவத்தில் நிற்கும், எது கீழுதட்டுக்கு இறங்கும் என்று எனக்குத் தெரியும். இதைப் பாசம் என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது?

அப்போதுதான் கழுத்து டாக்டர் வந்தாள். பிசியோதெரபி செய்பவள், பட்டப்பெயர் தையலக்கா வைத்தது. அளவெடுக்கும் முறையைத் திருத்திக்கொடுக்க ஒரு மாலை வந்தவள், பிறகு எல்லா மாலையும் வந்தாள். அண்ணன் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சீழ்க்கையடிக்கத் தொடங்கினான். சீழ்க்கை நல்ல ராகம்தான். ஆனால் எந்தக் கோணத்தில் பிடித்தாலும் அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் விழுந்து வீடியோ கெட்டது. 'அண்ணாவுக்கு ஏதோ ஆயிடுச்சு, முன்ன மாதிரி இல்ல' என்று ஃபாலோயர்ஸ் கவலைப்பட்டார்கள். அவர்கள் சொன்னது உண்மை. பேஜ் சரிந்துகொண்டிருந்தது.

அவன் குளிக்கப் போயிருந்தபோது அவன் போனிலிருந்து அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். வீட்டில் வேறு இடம் பார்த்துவிட்டார்கள், எனக்கும் சம்மதம், இனி வர வேண்டாம். மரியாதையாகவே எழுதினேன். அனுப்பியதை அழித்துவிட்டு அவள் எண்ணை ப்ளாக் செய்தேன். அவள் ஒரே ஒரு முறை மாடிப்படி வரை வந்தாள். அழவில்லை. "அவருக்கு இப்போ கழுத்து வலி தேவலையா?" என்று மட்டும் கேட்டாள். தேவலை என்றேன். அதுவும் உண்மை.

அவளாகவே விலகிவிட்டாள் என்று நம்பிய அண்ணன், அந்த வாரம் ஒரு தலையணைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தான். முழங்கை வரை உள்ளே விட்ட கையை வெளியே எடுக்க மறந்து, அப்படியே நின்றான். நான் பிடித்ததிலேயே நல்ல வீடியோ அது. ஒரு வரிகூட எழுதவில்லை. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் எந்தத் துக்கமும் மரத்துப்போகும். ஒரு மாதமாக அண்ணன் முகத்தில் எதுவும் அசையவில்லை. சாந்தமாகிக்கொண்டு வந்தான். சாந்தத்தை யாரும் வாங்குவதில்லை. இன்று காலை தையலக்கா தன் தோள் வலிக்காகக் கழுத்து டாக்டரிடம் போய்விட்டு வந்து, அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, சாயங்கால ரயிலில் போகிறாள் என்றாள். "அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன்க்கா" என்றேன். பிறகு யோசித்தேன். பார்சல்களை இன்று நீயே எடுத்துக்கொண்டு போ, பல் டாக்டர் தெரு வழியாகப் போனால் சீக்கிரம் என்று அண்ணனை அனுப்பினேன். எங்கிருந்தாவது தொடங்கத்தானே வேண்டும்.

வெட்டு மேஜைமேல், நூல்கண்டில் சாய்த்து வைத்த என் போனின் கேமராவுக்கு எதிரே இப்போது அவன் உட்கார்ந்திருந்தான். உதடு காய்ந்திருந்தது.

"டாக்டர்?" என்றான். "அவங்களையும் நீதானா?"

"ஆமாண்ணா."

எல்லாவற்றையும் சொன்னேன். செய்தியை, ப்ளாக்கை, மாடிப்படியில் அவள் கேட்டதை. வரிசை மாறாமல், குரலை உயர்த்தாமல். அவன் முகத்தில் நான் இதுவரை பார்த்திராத ஒன்று நடந்தது. முதலில் கண்கள், பிறகு கன்னம், பிறகு தாடை, ஒவ்வொன்றும் தனித்தனியாக. பஞ்சு வீடியோவெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ரயில் கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது. ஸ்டேஷன் ஒன்றும் தூரமில்லை. ஆட்டோ பிடித்தால் தாராளமாகப் போய்விடலாம்.

"அவ இப்போ எங்க இருக்கா?" என்றான். "சொல்லும்மா. எங்க இருக்கா அவ?"

அவன் கேட்கும்போதே தெருவில் ஒரு லாரி ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டு போனது. அது தெருமுனை தாண்டும்வரை காத்திருந்தேன். எழுந்து போய் அவன் நெற்றியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டேன். சின்ன வயதில் அவன் எனக்குத் தலை வாரிவிட்டவன். அவனுக்காக எதுவும் செய்வேன்.

"சொல்றேண்ணா, சொல்லாம விடுவேனா? லாரி சத்தத்துல உன் குரல் சரியா விழலை, அதான். இன்னொரு வாட்டி, இப்போ கேட்ட மாதிரியே கேக்கறியா?"